பிளைட் சிமுலேட்டர் திணறுகிறது: பிராசசரை மாற்றுவதா, கிராபிக்ஸ் கார்டையா?

இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் ஒரு சின்ன சோதனை. ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்துப் பறந்து பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வருகின்றன என்ற எண்) ஏறினால் கார்டுதான் திணறுகிறது, அசையாமல் அப்படியே நின்றால் பிராசசர். (மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் 2020-இல் டெவலப்பர் மோடைத் திறந்து எஃப்பிஎஸ் காட்டியை ஆன் செய்தால் எது திணறுகிறது என்று அதுவே சொல்லிவிடும்.)

எதற்கு உதவும்?
பிராசசர்: பெரிய விமான நிலையத்தில் இறங்கும்போது, அதுவும் சுற்றிலும் நிறைய விமானங்கள் நிற்கும்போது வரும் வெட்டி வெட்டி ஓடும் தொல்லைக்கு. சிமுலேட்டரின் முக்கியக் கணக்கெல்லாம் ஒரே த்ரெட்டில் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரே வேலை வரிசையில்) குவிவதால், பிராசசருக்குள் இருக்கும் கோர்களின் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளின்) எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமும் கேஷும்தான் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) முக்கியம்.
கார்டு: 4கே திரை, மேகங்கள், விஆர் (கண்ணில் மாட்டும் ஹெட்செட்).

செலவு?
பிராசசர்: சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) பொருந்தாவிட்டால் மதர்போர்டு, சில சமயம் ரேமும் சேர்ந்து மாறும். ஏஎம்4 (ஏஎம்டி பிராசசர்களுக்கான ஒரு சாக்கெட்) போர்டு இருந்தால் தப்பித்தீர்கள், 96 எம்பி எல்3 கேஷ் உள்ள ரைசன் 7 5800எக்ஸ்3டி கிடைத்தால் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்துவிட்டு அதையே போடலாம்.
கார்டு: பவர் சப்ளை தாங்குமா, கேபினட்டில் நீளம் இடிக்குமா, அவ்வளவுதான்.

மாட்டுவது?
பிராசசர்: கூலரைக் கழற்றி, வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவி, கொஞ்சம் பொறுமை வேண்டும்.
கார்டு: பத்து நிமிட வேலை.

1080பி திரையில் ஏர்லைனர் ஓட்டுபவர்கள் பிராசசர் பக்கம் போங்கள். 4கே, விஆர் ஆட்களுக்குக் கார்டு. அப்புறம், ரேம் இன்னும் 16 ஜிபிதானா? முதலில் 32 ஆக்குங்கள்.