அரியாட்னியா, காலியோபியா?

பெண் குழந்தைக்குக் கிரேக்கப் புராணத்திலிருந்து அதிகம் கேட்டிராத பெயர் தேடினால், இந்த இரண்டையும் தள்ளிவிட மனசு வராது.

காலியோபி ஒன்பது கலைத்தேவதைகளில் தலைமையானவள். கடவுளரின் அரசன் ஜீயஸின் மகள், காவியங்களுக்கு உரியவள், பாடகன் ஆர்ஃபியஸின் தாய். பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் அவள் மையமாக நிற்கும் பெரிய கதை எதுவும் இல்லை. அப்புறம், ஆங்கில எழுத்தில் பார்த்துப் படிப்பவர்கள் ‘காலியோப்’ என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். பள்ளி முழுக்கத் திருத்த வேண்டியிருக்கும்.

அரியாட்னிக்குக் கதை இருக்கிறது. கிரீட் அரசன் மினோஸின் மகள். வழி தெரியாமல் சுற்றவைக்கும் சிக்கல் மாளிகைக்குள் இருக்கும் காளைத்தலை அரக்கன் மினோட்டாரைக் கொல்லப் போகும் ஏதென்ஸ் வீரன் தீசியஸின் கையில் நூல் உருண்டையைக் கொடுக்கிறாள். ஒரு முனையை வாசலில் கட்டி, போகப் போக அவிழ்த்துவிட்டு, திரும்பும்போது அதையே பிடித்துக்கொண்டு வர வேண்டும். அந்தச் சிக்கல் மாளிகையிலிருந்து அவன் உயிரோடு வெளியே வந்தது இவள் புத்தியால். ஒரு பெண் குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

சரி, நெருடலும் உண்டு. அதே தீசியஸ் அவளை நக்சோஸ் தீவில் விட்டுவிட்டுப் போகிறான். பலர் இதைப் படித்ததுமே பெயரை ஒதுக்கிவிடுகிறார்கள், பாவம். அடுத்து மதுவின் கடவுள் டயோனிசஸ் அவளை மணக்கிறான். அவள் மணிமுடிதான் வானில் வடமகுடம் என்ற விண்மீன் கூட்டமானது என்கிறது புராணம்.

இருவர் பெயரிலும் சிறுகோள்கள் உண்டு: காலியோபி 1852-ல் கண்டுபிடிக்கப்பட்டது, அரியாட்னி 1857-ல்.

என் தேர்வு அரியாட்னிதான். வீட்டில் இசையும் எழுத்தும் ஊறியிருந்தால் காலியோபியை நடுப்பெயராகச் சேர்த்துக்கொள்ளலாம்.