சிற்ப வடிவ வீடு, குறைந்த மின்செலவு: கான்கிரீட்டா, மண்கல் வளைவா, பேக்கர் பாணிச் செங்கல்லா?

வளைந்தும் மடிந்தும் சிற்பம்போல் நிற்கும் வீடு வேண்டும், அந்த வீடு சித்திரை வெயிலிலும் ஏசியை நம்பி நிற்காமல் குளிர்ந்திருக்கவும் வேண்டும் என்று விரும்பும் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் இன்று மூன்று வழிகள் உள்ளன. கம்பி கட்டிய கான்கிரீட்டை வளைத்து வார்த்து, இடையில் காற்றுக்குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த ஏஏசி கான்கிரீட் கற்களால் சுவர் எழுப்பி, பெரிய கண்ணாடிகளைப் பொருத்துவது ஒன்று. ஆரோவில் மண் நிறுவனம் வளர்த்தெடுத்த முறையில், சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல்லால் சுவரையும் வளைவுக் கூரையையும் கட்டுவது இரண்டாவது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பல பத்தாண்டுகள் கட்டிக் காட்டிய வளைசுவர், இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய ஜாலி, ஓடு பதித்த தளம் ஆகியவற்றைக் கையாளுவது மூன்றாவது. மூன்றிலும் அழகான வீடுகள் பிறந்திருக்கின்றன. ஆனால் வெயிலை மூன்றும் ஒரே மாதிரி எதிர்கொள்வதில்லை என்பதால், ஒப்பீட்டை வெயிலிலிருந்து தொடங்குவதே முறை.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது; இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே நகர்ந்தாலும் உச்சியை விட்டு வெகுதூரம் போவதில்லை. ஆகவே கோடையில் நம் வீடுகள் வாங்கும் வெயிலில் பெரும்பங்கு கூரையில் விழுகிறது. அடுத்த இடம் கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு. வடக்கு, தெற்குச் சுவர்களை இரண்டடி சன்ஷேடே பெருமளவு காத்துவிடும். மேற்குச் சுவரிலோ சூரியன் தாழ்வாகச் சாய்ந்து அடிப்பதால் கிடைமட்டமான சன்ஷேடு அங்கே பயன்படாது, செங்குத்தாக நிற்கும் தடுப்போ ஜாலியோ ஆழமான தாழ்வாரமோதான் உதவும். வீட்டின் சிற்ப வடிவத்துக்கென்று செலவிடும் பணம் கூரைக்கும் மேற்குப் பக்கத்துக்கும் நிழல் தருமானால் அது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் செலவு; தெருவைப் பார்க்கும் முகப்பை மட்டும் அலங்கரிக்குமானால் வெறும் செலவு.

கூரையை மதிப்பிட ஒரு அளவுகோல் இருக்கிறது. எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பு, கூரையின் யு மதிப்பு 1.2ஐத் தாண்டக்கூடாது என்கிறது. உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் கூரை வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே யு மதிப்பு. அந்த விதித்தொகுப்பு பெரிய மனைகளைக் கருதி எழுதப்பட்டதாயினும், சிறிய வீட்டுக்காரரும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்தைக் கணக்கிட்டால் யு மதிப்பு 3.3 அளவில் வருகிறது. மண்கல் வளைவு அதைவிடச் சற்றே நல்லது. கனத்தைப் பொறுத்து 2.8ஐ ஒட்டி நிற்கும். ஓடு பதித்த தளத்தில் ஓடுகளுக்கிடையே சிக்கும் காற்றால் கொஞ்சம் குறையும், அவ்வளவே. மூன்றில் எதுவும் தானாகத் தேறுவதில்லை. மண் வீடு என்றாலே குளுமை என்ற பரவலான நம்பிக்கையை இந்த இடத்தில் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்: மண்கல் வெப்பத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் உள்ளே விடுகிறது. இரவில் நன்றாகக் குளிரும் தர்மபுரி, கோவை போன்ற உள்மாவட்டங்களில், ஜன்னல்களைத் திறந்துவைத்து அந்த வெப்பத்தை வெளியேற்றிவிடலாம். இரவும் புழுங்கும் கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ அந்தத் தாமதம் தூக்க நேரத்தில்தான் வந்து சேரும். கடலோரத்தில் சுவரின் கனத்தைவிடக் காற்றோட்டமே முக்கியம்.

ஆகவே எந்த வழியை எடுத்தாலும் கூரைக்கு இன்னொரு அடுக்கு தேவைப்படுகிறது. என் பார்வையில் ஒப்பீட்டைத் தீர்மானிப்பது இதுதான்: எந்த வழி அந்த இரண்டாவது அடுக்கை எளிதாக ஏற்றுக்கொள்கிறது?

கான்கிரீட்டை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடுவது நியாயமில்லை, ஏனெனில் இந்தியாவில் கான்கிரீட்டில் கட்டப்பட்ட முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்றே அதற்கு விடை சொல்லிவிட்டது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிசெக் சாமரும் உடனிருந்து எழுப்பிய கோல்கொண்ட், 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் நிறைவுற்ற விடுதி. அதன் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. அந்தப் பக்கங்களில் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பதிலாக, கையால் திருப்பக்கூடிய அகலமான கிடைமட்டப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. வெயிலையும் மழையையும் வெளியே நிறுத்தி, காற்றை மட்டும் அறைக்குள் விட அவற்றைச் சாய்த்துக்கொள்ளலாம். கான்கிரீட் கூரையின் மேல், முன்கூட்டியே வார்த்த வளைந்த கான்கிரீட் ஓடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வெயில் முதலில் அந்த ஓடுகளைச் சுடுகிறது, இடையில் ஓடும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அகமதாபாத்தில் 1950களில் லெ கார்பூசியே கட்டிய ஷோதன் வீட்டிலும் இதே எண்ணம் வேறு வடிவில் இருக்கிறது: வீட்டுக்கு மேலே தூண்களில் தனியாக நிற்கும் குடைக் கூரையும், ஜன்னல்களுக்கு முன்னே நிற்கும் ஆழமான கான்கிரீட் தடுப்புகளும்தான் அந்த வீட்டின் சிற்ப அழகே.

இன்று நம் நகரங்களில் எழும் கான்கிரீட் சிற்ப வீடுகளில் பல, அந்த வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிழலை விட்டுவிடுகின்றன என்பது வருத்தத்துக்குரியது. மேற்கே இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி வைத்துவிட்டு உள்ளே திரைச்சீலை தொங்கவிட்டால், வெப்பம் கண்ணாடியைத் தாண்டிய பிறகே தடுக்கப்படுகிறது. அதற்குள் அது வீட்டுக்குள் வந்துவிட்டது. ஏஏசி சுவர் ஒரு நல்ல பொருள்: எட்டங்குலச் சுவரின் யு மதிப்பு 0.8 அளவில் வரும், ஒன்பதங்குலச் செங்கல் சுவருக்கோ அது 2ஐ ஒட்டி இருக்கும். இரவில் படுக்கையறைக்கு மட்டும் ஏசி ஓட்டும் குடும்பத்துக்கு அந்தச் சுவர் நன்கு உதவும், அறை விரைவில் குளிரும். ஆனால் பெரிய கண்ணாடி அந்த ஆதாயத்தை விழுங்கிவிடும். வளைந்த கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் செலவு நேர்த் தளத்தைவிட மிக அதிகம். ஒவ்வொரு வளைவுக்கும் பலகையை வெட்டிக் கூட்டி, வார்த்த பிறகு பிரித்துத் தூக்கியெறிய வேண்டும். அதே தொகைக்குப் பெட்டி வடிவத் தளமும் அதன்மேல் ஒரு நல்ல குடைக் கூரையும் வந்துவிடும் என்றே தோன்றுகிறது.

மண்கல் வளைவின் கவர்ச்சி வேறு வகை. கல்லைச் சூளையில் சுடுவதில்லை. ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தி, நான்கு வாரம் ஈரத்தோடு பதப்படுத்தினால் போதும். ஆகவே கட்டும்போது செலவாகும் எரிபொருள் சுட்ட செங்கல்லைவிடப் பல மடங்கு குறைவு. தெற்கு எகிப்தின் நூபிய முறையில், சென்ட்ரிங் இல்லாமலே சாய்வான வரிசைகளாகக் கல்லை ஒட்டிக்கொண்டே போய் வளைவை மூடிவிடலாம். கோவையை அடுத்த ஈஷா மையத்தின் தியானலிங்கக் குவிமாடம், 22 மீட்டர் விட்டத்தில், கம்பியும் கான்கிரீட்டும் இல்லாமல் செங்கல்லால் எழுப்பப்பட்டது. வளைவு என்ற வடிவத்துக்குள் எவ்வளவு வலு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. மூன்று வழிகளில், வடிவமும் கட்டுமானமும் முழுமையாக ஒன்றாகும் வழி இது ஒன்றுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இருந்தும் குடும்ப வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். முதலில் மண். மணலும் சரளையும் அளவாகக் கலந்த செம்மண் இதற்கு ஏற்றது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண் நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிப்பதால், வெளியிலிருந்து மண்ணை லாரியில் கொண்டுவர நேரும், அப்போது மிச்சமானதில் பாதி போய்விடும். அடுத்தது ஆள். வளைவு பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்க எங்கே கட்டு விட்டம் போட வேண்டும் என்று அறிந்த மேஸ்திரி கிடைக்காவிட்டால், இந்த வழியை எண்ணவே கூடாது. மூன்றாவது மொட்டை மாடி. வடாம் காயப்போடவும், துணி உலர்த்தவும், கோடை இரவில் பாய் விரித்துப் படுக்கவும், தண்ணீர்த் தொட்டி வைக்கவும் நம் குடும்பங்களுக்கு மாடி தேவை; வளைவுக் கூரை அதை எடுத்துக்கொள்கிறது. மூன்று கிலோவாட் சூரியத் தகடுகளுக்கு ஏறத்தாழ 300 சதுர அடி நிழல்படாத இடம் வேண்டும், வளைவின் மேல் அதற்கும் வசதி குறைவு. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும் நிலையில், இது சிறிய இழப்பன்று. வெள்ளை டைல்ஸ் சில்லுகளைப் பதித்து வெயிலைத் திருப்பி அனுப்பலாம் என்பது உண்மை. ஆனால் காற்று ஓடும் இரண்டாவது கூரையை வளைவின் மேல் போட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வளைவே தெரியாது.

பேக்கரின் வழி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, நடைமுறையில் அதுவே அதிகம் தாக்குப்பிடிக்கும் என்பது என் முடிவு. ராட் டிராப் பாண்ட் என்னும் கட்டுமுறையில், செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கிறார்கள். ஒன்பதங்குலச் சுவருக்குள் இரு நிற்கும் செங்கற்களுக்கு நடுவே ஒரு காற்றறை உருவாகிறது. செங்கல்லில் கால் பங்கு மிச்சம், வெப்பம் கடப்பதும் திண்சுவரைவிடக் குறைவு. செங்கல் சிறியது என்பதால் வளைசுவருக்குத் தனிப் பலகையோ அச்சோ வேண்டாம், தரையில் நூல் கட்டிக் கோடு போட்டால் உள்ளூர்க் கொத்தனாரே எழுப்பிவிடுவார். வளைந்த சுவர் நேர்ச்சுவரைவிட மெல்லியதாக இருந்தும் சாயாமல் நிற்கும். ஜாலி நிழலையும் காற்றையும் ஒருசேரத் தருகிறது. தளத்தின் அடிப்பகுதியில் உள்ள கான்கிரீட் இழுவிசையைத் தாங்குவதில்லை, அந்த வேலை கம்பியுடையது. ஆகவே அங்கே கான்கிரீட்டைக் குறைத்து இரண்டு மங்களூர் ஓடுகளை மூடிபோல் கவிழ்த்து வைத்துவிடலாம், பூச்சில்லாமல் விட்டால் உள்ளிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது செந்நிறக் கட்டங்களாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தளம் தட்டையாக இருப்பதால் இரண்டாவது அடுக்கு எளிதாக அமர்கிறது. வெப்பத்தைத் தடுக்கும் எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகையை ஓரங்குலக் கனத்தில் விரித்து மேலே தட்டோடு பதித்தால், சாதாரணத் தளமே 0.9 அளவுக்கு இறங்கிவிடும். சூரியத் தகடுகளை எட்டடி உயரச் சட்டத்தில் ஏற்றினால் அதுவே குடைக் கூரையாகிறது, கீழே மாடியும் நிழலோடு கிடைக்கிறது. 2011 டிசம்பரில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலைப் பார்த்த கடற்கரையில், அந்தச் சட்டத்தைப் பொறியாளர் காற்றுக் கணக்குப் போட்டே வடிவமைக்க வேண்டும்; வெல்டிங் கடையின் கைக்கணக்கு அதற்குப் போதாது. மின்குழாய்கள் செல்லும் இடத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும், ராட் டிராப் சுவரைப் பிறகு வெட்டினால் காற்றறை உடையும்.

செம்மண் நிலமும், ஒற்றைத் தளத்துக்குப் போதிய மனையும், அனுபவமுள்ள மேஸ்திரியும் வாய்த்தவர்கள் மண்கல் வளைவையே கட்டட்டும். வளைவுக் கூடமும், அதன் பக்கத்தில் தட்டையான தளத்தோடு சமையலறையும் படுக்கையறையும் என்று கலந்தால் மாடியும் கிடைக்கும். நகரத்தில் அரை கிரவுண்டில், இருபுறமும் அண்டைச் சுவர்கள் நெருங்க, மேற்குப் பார்த்த மனையில் கட்டுபவர்கள் ஏஏசி கற்களால் படுக்கையறைகளை அடைத்து, மேற்கு முகப்பில் மூன்றடி ஆழத் தாழ்வாரமும் அதன் முன் வளைந்த செங்கல் ஜாலியும் வைத்து, கண்ணாடியை வடக்கு முற்றத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஜாலியே சிற்பம். மாலை மூன்று மணி வெயில் அதிலேயே நின்றுவிடும்.