யுரேனியம் தேட எந்தக் கப்பல்?

விண்வெளியில் கப்பல் கட்டிப் பறக்கும் ‘ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ்’ கணினி விளையாட்டில் இரும்பும் நிக்கலும் எளிதில் கிடைத்துவிடும். அணு உலைக்கு யுரேனியமும் அயன் உந்திகளுக்குப் பிளாட்டினமும் வேண்டும் என்ற கட்டத்தில்தான் உண்மையான தேடல் தொடங்குகிறது. யுரேனியத்துக்குக் கோள்களை நம்பிப் பயனில்லை. சிறுகோள்களுக்கிடையே அலைந்தே ஆக வேண்டும். விளையாட்டில் கப்பல்கள் சிறியது, பெரியது என இரு வகை. தேடலுக்குச் சிறிய கப்பலா, பெரிய கப்பலா?

சிறிய கப்பலின் கனிமக் கண்டறி கருவி 50 மீட்டர் வரைதான் பார்க்கும். பெரியதில் 150 மீட்டர். மும்மடங்குதானே என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் வேக வரம்பு நொடிக்கு 100 மீட்டர்தான். அதே பாதையில் அதே நேரம் பறந்தால், அகலத்திலும் உயரத்திலும் மும்மடங்கு பார்ப்பதால், பெரிய கப்பல் ஒன்பது மடங்கு இடத்தைத் துழாவிவிடும். சிறியதோ பாறையை ஒட்டியே பறக்க வேண்டும். பெரிய சிறுகோளின் நடுவே புதைந்திருக்கும் படிவம் அதன் கண்ணில் படவே படாது. கனிமத்தை உலோகமாக்கும் சுத்திகரிப்பு ஆலையையும் பெரிய கப்பலில்தான் பொருத்த முடியும். யுரேனியம், பிளாட்டினம் இரண்டையும் அடிப்படை ஆலை ஏற்காது, முழு ஆலையே தேவை.

சிறிய கப்பலுக்குச் செலவு குறைவு. மோதி நொறுங்கினாலும் மனம் பதறாது, புதிதாக வந்தவர்கள் அடிக்கடி மோதுவார்கள் என்பதால் இது சின்ன விஷயமில்லை. குறுகிய சுரங்கத்துக்குள் நுழைந்து துளையிடவும் அதுவே லாயக்கு.

தேடலுக்கு என் ஓட்டு பெரிய கப்பலுக்கே. அதில் கப்பல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஓர் இணைப்பான் பொருத்திச் சிறிய துளைக் கப்பலையும் கூடவே ஏற்றிச் செல்லுங்கள்.