பவர்டொப்: லெப்டொப்பைத் தூங்க வைத்த கதை

ஹட்டனில் வாங்கிய பழைய லெப்டொப். இரண்டு மணித்தியாலம் தாங்கும் என்றார் கடைக்காரர்; ஐம்பது நிமிடத்தில் படுத்துவிட்டது. மழைக்கே கரண்ட் போகும் லயத்து வீட்டில் இது சரிவருமா?

தம்பி சொல்லி, பெட்டரியை எது தின்கிறது என்று காட்டும் பவர்டொப் என்ற மென்பொருளை லினக்ஸில் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே ப்ரொசெசர் செக்கனுக்கு 900 தடவை விழிக்கிறது. சி6 என்ற, மின்சாரம் மிகக் குறைவாகச் செலவாகும் ஆழ்ந்த தூக்கத்தை எட்டிப் பார்ப்பதேயில்லை. சும்மா கிடக்கையில் ப்ரொசெசரை அடிக்கடி எழுப்பும் டைமர் துடிப்பை நிறுத்தும் வசதி 2007இலேயே லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலுக்கு வந்துவிட்டது, அப்புறம் யார் தட்டி எழுப்புவது? பவர்டொப் காட்டிய பட்டியலில் மேலே நின்றது பிரவுசர்! கிரிக்கெட் ஸ்கோர் பக்கத்தை மூடாமல் விட்டிருக்கிறேன். மூடியதும் 130க்கு இறங்கியது. பெட்டரி இப்போது ஒன்றரை மணித்தியாலம் ஓடுகிறது.

பவர்டொப் இலவசம்தான். ஆனால் அதிலுள்ள யூஎஸ்பி மின்சிக்கன வசதியைப் போட்டால் மவுஸும் சேர்ந்து தூங்குகிறது, ஒவ்வொரு தடவையும் கிளிக் பண்ணி எழுப்ப வேண்டும்.