எபிரேய வேதத்தில் ஏழையின் பங்கு: எட்டு வார வகுப்பு ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

எங்கள் ஊர் ஆலயத்தை ஒட்டிய மண்டபத்தில், எபிரேய வேதம் (கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடு) நீதியையும் ஏழைகளையும் பற்றி என்ன கற்பிக்கிறது என்பதை விளக்க எட்டு வாரம் நடந்த வகுப்பை ஒரு சனிக்கிழமையும் விடாமல் முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். கட்டணம் 600 ரூபாய். வகுப்பு 2 மணி நேரம். பாடக்குறிப்பும் தேநீரும் அதற்குள் அடக்கம். இறையியல் படித்திருக்கத் தேவையில்லை, பழைய திருப்புதல் வேதாகமம் கையில் இருந்தால் போதும் என்று முதலிலேயே சொன்னார்கள், அது உண்மைதான்.

முதல் நாளிலேயே இந்த வகுப்பின் தரம் தெரிந்துவிட்டது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வயலை வரைந்து, அது நிறையச் சுண்ணக்கட்டியால் பயிர்க்கோடுகள் இட்டு, ஈரத்துணியால் அறுவடை செய்வதுபோல அழித்துக்கொண்டே போய், மூலைகளில் மட்டும் கையை நிறுத்திக்கொண்டார். மீந்து நின்ற கோடுகளைக் காட்டி, "இது யாருடையது?" என்று கேட்டார். நிலக்காரருடையது, அதை அவர் ஏழைகளுக்குக் கொடுக்கிறார் என்றோம். லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தின் 9, 10 வசனங்களை நிதானமாக வாசிக்கச் சொன்னார். வயலின் ஓரத்தைத் தீர அறுக்கக்கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக்கூடாது, அவற்றை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்கிறது வசனம். அங்கே 'கொடு' என்ற சொல்லே இல்லை. இருப்பது 'விட்டுவிடு' என்பதுதான். பிற்கால யூத ரபிகள் தொகுத்த மிஷ்னா இதை இன்னும் கண்டிப்பாக்கி, ஓரத்தின் அளவு அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்றும், ஒரு ஏழையைப் பொறுக்கவிட்டு இன்னொருவரைத் தடுக்கும் நிலக்காரர் ஏழைகளிடம் திருடுகிறார் என்றும் சொல்வதை அவர் எடுத்துக்காட்டியபோது, இத்தனை வருடம் இதைத் தயாள குணத்தின் பாடமாகவே படித்து வந்தேனே என்று உண்மையிலேயே வருந்தினேன்.

'செதாக்கா' என்ற எபிரேயச் சொல்லுக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கியது சரியான முடிவு. தீர்க்கதரிசிகளின் நூல்களில் அதை நாம் 'நீதி' என்று வாசிக்கிறோம். பிற்காலத்தில் யூதர்கள் ஏழைகளுக்கு ஈவதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். நம் 'அறம்' என்ற சொல்லிலும் ஒழுக்கமும் ஈகையும் சேர்ந்திருப்பதால் தமிழ் வாசகருக்கு இது எளிதில் விளங்க வேண்டும்; ஆனாலும் 'தருமம்' என்றவுடன் நீட்டிய கையும் அதில் விழும் காசுமே நம் மனதில் எழுகின்றன.

நான்காம் வாரத்துப் பாடம், அடகு பற்றியது, எல்லாவற்றிலும் சிறந்தது. ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிவிட வேண்டும் (யாத்திராகமம் 22). திரிகைக் கல்லை அடகு வாங்கவே கூடாது, அடகுப்பொருளை எடுக்கக் கடன்காரனுடைய வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் (உபாகமம் 24). கடன்பட்டவனுக்கும் ஒரு வாசல் உண்டு, அதைத் தாண்டக்கூடாது என்று சட்டமே சொல்வதை ஆசிரியர் அழுத்திச் சொன்னார். பிறகு ஒரு பானை ஓட்டின் படத்தைச் சுற்றுக்கு விட்டார். 1960-இல், இஸ்ரேலில் யாவ்னே-யாம் அருகே மெசாத் ஹஷவ்யாகு என்ற கடலோரக் கோட்டையில் கிடைத்த, கி.மு. ஏழாம் நூற்றாண்டின் ஓடு அது. அறுவடைக் கூலியாள் ஒருவர் தன் மேலாடையை மேற்பார்வையாளர் பறித்துக்கொண்டதாகவும், தன்னோடு அறுத்தவர்கள் தனக்குச் சாட்சி சொல்வார்கள் என்றும் அதிகாரியிடம் முறையிடுகிறார். மை மங்கிய அந்த எழுத்துகளைப் பார்த்த பிறகு, யாத்திராகமத்தின் அந்த வசனம் குளிரில் படுக்கப்போகிற ஒரு மனிதரின் வழக்காகவே எனக்குக் கேட்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தீர்க்கதரிசிகள் அனைவரையும் ஒரே வகுப்பில் அடைத்துவிட்டார்கள். மரக்காலைக் குறைத்து, சேக்கல் என்ற எடைக்கல்லின் நிறையை அதிகமாக்கி, கள்ளத்தராசினால் வஞ்சிக்கும் வணிகர்களை ஆமோஸ் கண்டிக்கும் பகுதிக்குப் பத்து நிமிடமும் கிடைக்கவில்லை. நெல் அளந்து வாழ்ந்த நம் முன்னோருக்கு மரக்கால் என்ற அந்தச் சொல் எவ்வளவு நேரடியாகப் புரிந்திருக்கும்! ஆகாப் ராஜா அபகரித்த நாபோத்தின் திராட்சத்தோட்டம் வெறும் கதையாகச் சொல்லப்பட்டதோடு நின்றது.

இதைவிடப் பெரிய குறை, கடினமான இடங்களைத் தவிர்த்தது. சக இஸ்ரவேலரிடம் வட்டி வாங்கக்கூடாது என்ற சட்டம் அந்நியரிடம் வாங்க இடம் தருகிறது. லேவியராகமம் 25 சக இஸ்ரவேலரை அடிமையாக நடத்தத் தடைசெய்துவிட்டு, சுற்றிலுமுள்ள இனத்தாரை அடிமைகளாக வாங்கவும் பிள்ளைகளுக்கு வாரிசுச் சொத்தாக விட்டுச்செல்லவும் அனுமதிக்கிறது. நான் இதைக் கேட்டபோது, நேரமில்லை என்று அடுத்த பாடத்துக்குப் போனார்கள். வேதத்தின்மேல் உள்ள மரியாதையால்தான் இதைக் கேட்டேன். நேரான பதில் கிடைத்திருக்க வேண்டும்.

ஐம்பதாம் ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும் யூபிலி வருஷத்தை, வழக்கத்தில் இருந்த ஏற்பாடு போலவே விளக்கினார்கள். அது முறையாகக் கைக்கொள்ளப்பட்டதாக ஒரு நிகழ்ச்சியும் எபிரேய வேத நூல்களில் பதிவாகவில்லை. மாறாக எரேமியா 34-இல், சிதேக்கியா ராஜாவின் காலத்தில் எபிரேய அடிமைகளை விடுதலை செய்த எருசலேம் மக்கள், பிறகு மனம் மாறி அதே ஆட்களைத் திரும்பப் பிடித்து அடிமைகளாக்கிய செய்தி இருக்கிறது. சட்டம் எழுதப்பட்டிருப்பதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரத்தைக் காட்ட அதைவிடப் பொருத்தமான அதிகாரம் கிடையாது. அது பாடத்திட்டத்திலேயே இல்லை.

பாடக்குறிப்பின் அச்சு மிகச் சிறியது; மூத்தவர்கள் சிரமப்பட்டார்கள். ஆயினும், ஞாயிறு பள்ளியில் கற்பிப்பவர்களும் சபைகளில் ஏழைகள் நிதியைக் கையாள்பவர்களும் கட்டாயம் சேர வேண்டிய வகுப்பு இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கருத்துப் படிவத்தில் தீர்க்கதரிசிகளுக்கு மூன்று வாரமும், எரேமியா 34-க்கும் லேவியராகமம் 25-க்கும் சேர்த்து ஒரு வாரமும் ஒதுக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்; அப்படி நீட்டித்தால் கூடுதல் கட்டணம் செலுத்தி மறுபடியும் போவேன்.