புது சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்பும் முன் இடது பெடலைப் பாருங்கள்: திருச்சியில் எனக்கு நடந்தது

எந்த ஊரில் வாங்கினாலும் சரி, புது சைக்கிளைக் கடையிலிருந்து வெளியே கொண்டுவரும் முன் குனிந்து இரண்டு பெடலையும் பாருங்கள். முக்கியமாக இடது பெடல். கடையில் கோணலாக மாட்டியிருந்ததால் என்னுடையது ஓடும்போதே கழன்று வந்து, விழுந்தேன். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கடைப் பெயரை எழுதவில்லை; புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். நடந்ததை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு டீச்சரின் மகனுக்கும் வேறொரு கடையில் இப்படித் தப்பாக மாட்டிய வண்டியைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு வீடு ஸ்ரீரங்கம், பள்ளிக்கூடம் உறையூர்ப் பக்கம். தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். கடையில் நான் கேட்டது இவ்வளவுதான்: பார் இல்லாத சைக்கிள், முன்னால் கூடை, பின்னால் கேரியர், செயினை முழுதாக மூடும் கவர், துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு தடுப்பு. கியர் வேண்டாம் என்று தெளிவாகவே சொன்னேன். நான் போகிற வழியில் பாலத்து ஏற்றத்தைத் தவிர மேடு என்று ஒன்றும் கிடையாது.

"அக்கா, லேடீஸ் மாடல் எல்லாம் கம்பெனியே நிறுத்திட்டாங்க. இப்ப எல்லாரும் கியர்தான் எடுக்கிறாங்க" என்றார் விற்பனைக்கு நின்ற தம்பி. அரசு தரும் இலவச சைக்கிள் திட்டத்தில் பிளஸ் ஒன் மாணவிகளுக்கு வருஷாவருஷம் வருவது பார் இல்லாத சைக்கிள்தானே என்று கேட்டேன். "அது கவர்மெண்ட் சப்ளை அக்கா, கடைக்கு வராது" என்றார். பச்சைப் பொய். பிறகு விசாரித்ததில் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியே இரண்டு கடைகளில் கூடையோடு நின்றுகொண்டிருந்தது. கியர் இல்லாத லேடீஸ் சைக்கிளைவிடக் கியர் சைக்கிள் விலை கூட. கையில் இருப்பதைத் தள்ளிவிட வேண்டும் என்பதற்காக, அந்த மாடலே உலகத்தில் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

பள்ளி திறக்கிற நேரம். கடைசியில் எனக்குக் கொடுத்தது பார் கொஞ்சம் சரிந்த ஒரு 21 கியர் சைக்கிள், முன்னால் ஷாக் அப்சார்பர். 21 என்றால் முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. பெருக்கிச் சொல்கிற கணக்கு. தினசரி சமதரையில் போகிறவருக்கு அதில் பாதிக்கு மேல் பயன்படாது, ஆனால் கேபிள், செயினைப் பல்சக்கரம் மாற்றும் டீரெய்லர் என்று பழுதாகக்கூடிய சாமான்கள் கூடுதலாகத் தொங்கும். விலை குறைந்த சைக்கிள்களில் வரும் ஷாக் அப்சார்பரும் அப்படித்தான். எடை கூடும், ஏற்றத்தில் நின்று மிதித்தால் நம் பலத்தில் கொஞ்சத்தை அது தின்றுவிடும். வேலைக்கும் கடைத்தெருவுக்கும் போய்வர சைக்கிள் கேட்பவரிடம் இதைப் பெருமையாகச் சொல்லி விற்பது அநியாயம்.

சீட் விஷயத்திலும் ஏமாற்று உண்டு. ஃபிரேம் எனக்குப் பெரிது. அதை மறைக்க சீட்டை அடிவரை இறக்கி, "பாருங்க, ரெண்டு காலும் தரையில நல்லா ஊனுது" என்று காட்டினார்கள். அப்படி ஊன்றினால் சௌகரியமாகத்தான் தோன்றும். ஆனால் முழங்கால் முழுதாக நீளாமலே மிதிப்பதால் கொஞ்ச நாளில் மூட்டு வலி வரும். எனக்கு வந்தது. சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். அந்த உயரத்துக்கு சீட்டை ஏற்றிவிட்டு, இறங்கி நின்று பாரைத் தாண்டிக் கால் வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் அந்த ஃபிரேம் நமக்கானது இல்லை.

அப்புறம் காசு. விலைச் சீட்டில் எழுதியிருந்தது 11,200 ரூபாய். கணக்குப் போடும்போது ஸ்டாண்டு தனி, மட்கார்டு தனி, கேரியர் தனி, பெல் தனி, இதையெல்லாம் மாட்டுவதற்குக் கூலி தனி என்று 13,000 தாண்டிவிட்டது. ஸ்டாண்டு இல்லாத சைக்கிளைப் பள்ளி வாசலில் எதில் சாய்த்து வைப்பது? முதல் விலையைச் சொல்லும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? விலை கேட்கும்போது, "ரோட்டில் ஓட்டுகிற மாதிரி எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று கேளுங்கள்.

பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில் வேணும்னா 18 பர்சென்ட் கூட ஆகும் மேடம்" என்றார் முதலாளி. கூடுதலாகத் தர மறுத்ததும், 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கையெழுத்துகூடப் போடாமல் கொடுத்தார். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் இருந்ததே இல்லை. முதலில் 12 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். எம்.ஆர்.பி. என்று போட்டிருக்கும் விலைக்குள் எல்லா வரியும் அடக்கம். நான் பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்ததால், வாங்கியதற்கு ஆதாரம் என்று அதுவாவது மிஞ்சியது.

பில்லில் இன்னொன்றும் இருக்க வேண்டும்: ஃபிரேம் நம்பர். பெரும்பாலும் இரண்டு பெடலும் சேர்ந்து சுற்றும் நடு அச்சுக்கு அடியில், சைக்கிளைக் கவிழ்த்தால் தெரிகிற இடத்தில் பொறித்திருப்பார்கள். வாரண்டிக்கும் அது வேண்டும். வண்டி திருட்டுப் போனால் போலீஸ் ஸ்டேஷனில் முதலில் கேட்பதும் அதைத்தான். துண்டுச் சீட்டில் அது இருக்காது.

இனி பெடல். வாங்கிய முதல் வாரத்திலேயே இடது பக்கம் ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். கடைக்குப் போய்ச் சொன்னேன். செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டு, "புது வண்டி அக்கா, ஓட ஓட செட்டாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். பெடலில் யாரும் கை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மாம்பழச்சாலையிலிருந்து பாலம் ஏறும்போது அழுத்தி மிதித்த காலோடு பெடல் தனியாகக் கழன்று வந்துவிட்டது. இடதுபக்கமாக விழுந்தேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முழங்கையிலும் முழங்காலிலும் தோல் போனது, மணிக்கட்டு வீங்கியது.

கடையில் சொன்ன பதில்: "பெடல் எல்லாம் வாரண்டில வராது மேடம். நீங்க ஏறி நின்னு மிதிச்சிருப்பீங்க." சைக்கிள் என்பதே மிதிப்பதற்குத்தான். ஒரு ஆசிரியை பாலத்து ஏற்றத்தில் மிதித்ததற்கே கழன்றுவிடும் என்றால், அதைப் பிள்ளைகள் ஓட்டினால் என்ன ஆகும்?

உண்மையான காரணத்தைச் சொன்னவர் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் மரத்தடியில் கடை போட்டிருக்கும் ஒரு பெரியவர். கழன்ற பெடலை வாங்கித் துடைத்து என் முன்னால் நீட்டினார். தண்டின் முனையில் பொடியாக 'எல்' என்று பொறித்திருந்தது. "இது லெஃப்ட் பெடல்தான் டீச்சர், மாத்திப் போடல. ஆனா போட்ட விதத்தைப் பாருங்க." மரைக்குள் முழுக்க வெள்ளி நிறத் துகள். விரலால் வழித்தபோது ஜிகினா மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கிராங்கின், அதாவது பெடலை மாட்டும் கையின் ஓட்டையைக் காட்டினார். வெளிப்பக்கம் மூன்று நான்கு சுற்று மரை கோணலாக அறுபட்டு, உள்பக்கம் மரை புதிதாக, தண்டு அங்கே போனதே இல்லை என்பது போல இருந்தது.

அவர் சொன்ன விவரம் இது. வலது பெடல் சாதாரண மரை, கடிகார முள் சுற்றும் திசையில் ஏறும். இடது பெடல் எதிர்மரை, அதற்கு நேர்மாறாகத் திருப்ப வேண்டும். இடதுபக்கமும் சாதாரண மரையாக இருந்தால் மிதிக்க மிதிக்கத் தானாகவே கழன்றுவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. கம்பெனியிலிருந்து சைக்கிள் அட்டைப்பெட்டியில் அரைகுறையாகப் பூட்டித்தான் வருகிறது. ஹேண்டில்பார், முன்சக்கரம், சீட், பெடல் எல்லாம் கடையில்தான் மாட்டுகிறார்கள். அவசரத்தில் பெடலைக் கோணலாக வைத்து, எடுத்தவுடனே நீளமான ஸ்பேனரைப் போட்டு இழுத்தால், இரும்புத் தண்டு அலுமினிய கிராங்கின் மரையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே பார்க்க இறுக்கமாக இருக்கும். பிடிப்பது என்னவோ அந்த இரண்டு மூன்று சுற்று மட்டும்தான். "வெரலால நாலஞ்சு சுத்து தானா ஏறணும். ஏறலன்னா ஸ்பேனரையே தொடக் கூடாது" என்றார்.

அதனால்தான் சொல்கிறேன், பெடல் தண்டில் மரை முடிகிற இடத்துத் தோள்பட்டை கிராங்கோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலோ, பெடல் சாய்ந்து நின்றாலோ, கிராங்கைச் சுற்றும்போது பெடல் தள்ளாடினாலோ வண்டியை எடுக்காதீர்கள். கழற்றி விரலால் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், பின்னாளில் கழற்ற வேண்டி வந்தால் சுலபமாக வரும்.

பெரியவர் அதோடு நிற்காமல் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு முழுசாகப் பார்த்தார். பின் பிரேக் கட்டை ரிம்மில் படாமல் டயரின் பக்கவாட்டில் உரசிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் ஓடும்போதே டயர் வெடித்திருக்கும். முன்சக்கரத்து அச்சில் பால்ரஸைப் பிடிக்கும் கோன் நட்டை அளவுக்கு மீறி இறுக்கி, பால்ரஸ் கரகரவென்று சுற்றியது. பின்சக்கரத்தில் கோட்டம். ஷோரூமில் பளபளவென்று நிற்கிற வண்டி இது. எங்கள் பள்ளியில் இலவச சைக்கிள் வாங்கும் பிள்ளைகளிடம், "நாளைக்கே ஒரு கடையில கொடுத்து எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்புவது வழக்கம். பள்ளி மைதானத்தில் ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் பூட்டுகிற வண்டி அது. மாட்டும் கூலியும் சேர்த்து 13,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய கடையில் அந்த அளவு வேலைகூட நடக்கவில்லை.

இன்னொரு டீச்சரின் மகன் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவன் டிஸ்க் பிரேக் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கையே முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள். முன் டிஸ்க் ஓட்டுபவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அவனுடையதில் வலப்பக்கம் இருந்தது. ஹேண்டில் நேராக இருக்கிறதே என்று வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டிஸ்க் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

'மூன்று ஃப்ரீ சர்வீஸ்' என்ற கார்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் சர்வீஸுக்கே செயின் கிளீனிங் என்று 250 ரூபாய் கேட்டார்கள். வீட்டிலேயே பழைய துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே வழிவதை மறுபடி துடைத்தால் போதும். பைக்கில் வடித்த பழைய இன்ஜின் ஆயில் மட்டும் வேண்டாம். அதில் ஏற்கெனவே அழுக்கும் இரும்புத் தூளும் இருக்கும். காற்று எவ்வளவு என்பது டயர் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதை வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். செயின் மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னால் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். கண்ணிகளைக் கோக்கும் பின் ஒன்றை ஸ்கேலின் பூஜ்யத்தில் வைத்து, அடுத்ததை ஒன்று என்று எண்ணினால் 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது, அதற்குள் இருந்தால் அவர் பொய் சொல்கிறார்.

என் புகார் எங்கே நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு: முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். தமிழிலேயே பேசலாம். கடைக்கு அங்கிருந்து தகவல் போன பிறகுதான் முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பேசினார். துண்டுச் சீட்டின் பின்னால் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார். அது செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அதே கணக்குத்தான். 5 லட்ச ரூபாய் வரையுள்ள பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லாமல் புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்; ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு இது பெரிய வசதி. நானும் கொடுத்துவிட்டேன்.

கடைக்காரர் இப்போது இறங்கி வந்திருக்கிறார். "புது கிராங்கும் பெடலும் ஃப்ரீயா மாத்தித் தர்றேன், பழசைக் கொடுத்துட்டுப் போங்க" என்கிறார். கொடுக்கவில்லை. மரை அறுந்த அந்த கிராங்கும் பெடலும்தான் என் சாட்சி. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பழைய சாமானைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். மரை தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, ஃபிரேம் நம்பரையும் போட்டோ எடுத்து, துண்டுச் சீட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.