லிங்க்ட்இன் வாக்கெடுப்பு: மூன்று மாம்பழ சீசன் பயன்படுத்திய அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதி வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். சீசன் நேரத்தில் ஆலை வாசலில் காய் ஏற்றிய டிராக்டரும் டெம்போவும் வரிசைகட்டி நிற்கும். அது முடிந்ததும், அரைத்து டிரம்மில் அடைத்த கூழுக்கு ஆள் தேடுவதுதான் மீதி மாதங்களில் என் வேலை. அதற்காக, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் வாக்கெடுப்பு போட ஆரம்பித்து மூன்று சீசன் ஆகிவிட்டது. இதுவரை 26 போட்டிருக்கிறேன்.

முதலில் போட்டது எல்லோரும் போடுவது மாதிரிதான். உங்களுக்குப் பிடித்த மாம்பழம் எது என்று கேட்டு அல்போன்சா, பெங்களூரா, செந்தூரா, நீலம் என நான்கு விடை கொடுத்தேன். வாக்குகள் முந்நூறைத் தாண்டின. எங்கள் ஆலைப் பக்கத்துக்கு அதுவரை அவ்வளவு பேர் வந்ததே இல்லை. முதலாளியிடம் போனைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல கூழ் வாங்குறவங்க எத்தனை பேரு?" என்று கேட்டார். உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தேன். என்னோடு படித்தவர்கள், வேலை தேடுகிறவர்கள், ஓசூர் கம்பெனிகளில் இருக்கும் தெரிந்தவர்கள். வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. நாம் பெங்களூரா என்று சொல்வதை வெளிநாட்டில் தோத்தாபுரி என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயரைப் போடாததும் என் தவறு.

அந்தப் பட்டியலைப் பார்க்க முடிவதுதான் இந்த வசதியில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யார் எதற்கு வாக்களித்தார்கள் என்பது வாக்கெடுப்பைப் போட்டவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்குச் சதவீதமும் மொத்த எண்ணிக்கையும்தான். அதுவும் தாங்கள் வாக்களித்த பிறகுதான். இதில் ஒரு சிக்கல் உண்டு. முடிவைப் பார்க்கும் ஆசையில் கைக்கு வந்ததை அழுத்திவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அதனால் நான்காவது விடையாக ‘முடிவை மட்டும் பார்க்க’ என்று ஒன்று வைக்கத் தொடங்கினேன். மற்ற மூன்று விடைகளுக்கும் விழும் வாக்கு குறைந்தது. ஆனால் விழுந்ததை நம்ப முடிந்தது.

எனக்கு உண்மையில் பலன் தந்தது வேறொரு கேள்வி. கூழ் சாம்பிள் வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பிரிக்ஸ் (கூழில் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு), நிறம், புளிப்பு, சுவை. பிரிக்ஸ்தான் வரும் என்று நான் நிச்சயமாக நினைத்தேன். நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியே அதுதான். வந்தது 38 வாக்கு. அதில் நிறம்தான் முதலிடம். குளிர்பான ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவர் கருத்தில் வந்து, "நிறம் சரி, கரும்புள்ளி எத்தனை?" என்று கேட்டார். மறுநாள் எங்கள் லேபில் வெள்ளைத் தட்டில் கூழை மெல்லிசாகப் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அவருக்குப் பதிலாகப் போட்டேன். வாக்கெடுப்புப் பதிவோடு படம் சேர்க்க முடியாது, கருத்தில்தான் போட முடியும். அந்தப் படத்தின் கீழே நடந்த பேச்சு ஒரு வாரம் ஓடியது. இரண்டு பேர் சாம்பிள் கேட்டார்கள். இப்போது எங்கள் கடிதத்தில் அந்தத் தட்டுப் படம்தான் முதலில் போகிறது, பிரிக்ஸ் அடுத்து.

விடை எனக்கே தெரிந்த கேள்வியைக் கேட்டபோதெல்லாம் எண்ணிக்கை மட்டும்தான் வந்தது. தெரியாமல் கேட்டபோது வாங்குகிறவர்கள் பேச வந்தார்கள். 215 கிலோ டிரம்மா, 3.1 கிலோ டின்னா, எது வசதி என்று கேட்டதும் அப்படி ஒன்று.

கருவியின் அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேள்விக்கு 140 எழுத்து, விடை ஒவ்வொன்றுக்கும் 30, விடைகள் இரண்டு முதல் நான்கு வரை. ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று காலம் வைக்கலாம். தமிழில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, கணினிக் கணக்கில் புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்து. ‘கிருஷ்ணகிரி’ நம் கண்ணுக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. முப்பதில் மூன்றில் ஒரு பங்கு ஊர்ப் பெயருக்கே போய்விடும்.

எனக்கு ஒரு வாரம்தான் சரிப்பட்டது. ஒரு முறை வியாழன் சாயங்காலம் ஒரு நாள் கெடு வைத்துப் போட்டேன். சவுதியில் வெள்ளி, சனி விடுமுறை. அமீரகத்தில் அரசு அலுவலகங்கள் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டாலும் வெள்ளி அரை நாள்தான். அந்த நாடுகளில் நான் எதிர்பார்த்த ஆட்கள் பார்ப்பதற்குள் வாக்கெடுப்பு முடிந்துபோனது.

அடிக்கடி போடுவதும் வேண்டாம். 2020 மே மாதம் இந்த வசதி வந்த பிறகு எங்கே பார்த்தாலும் வாக்கெடுப்பாக இருந்து, மக்கள் சலித்துப்போய், 2022-ல் லிங்க்ட்இன் நிறுவனமே இவற்றைக் குறைத்துக் காட்டப்போவதாகச் சொன்னது. நான் மாதம் ஒன்றைத் தாண்டுவதில்லை.

வருத்தப்பட்ட ஒரு விஷயமும் உண்டு. இரண்டாவது சீசனில், வாக்களித்த எல்லோருக்கும் அன்றைக்கே விலைப்பட்டியல் அனுப்பினேன். ஒருவர், "கருத்துச் சொல்லத்தான் வந்தேன், விலை கேட்டேனா?" என்று எழுதிவிட்டுத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டார். அவர் சொன்னது நியாயம். இப்போது முடிவு வந்த பிறகு, நீங்கள் ஏன் அந்த விடையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். விலையை அவர்கள் கேட்டால்தான் சொல்வேன்.

இதில் வந்த தைரியத்தில் காய் கொடுக்கும் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் வாக்கெடுப்பு வைத்தேன். எந்த வாரம் அறுப்பு ஆரம்பிப்பீர்கள் என்பது கேள்வி. அங்கே யார் எதற்குப் போட்டார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும், வாக்களிக்கும் முன்பே முடிவும் தெரியும். பெரிய தோப்புக்காரர் ஒருவர் முதலில் ஜூன் முதல் வாரம் என்று போட்டார். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அதையே போட்டார்கள். அதை நம்பி ஆட்களைச் சொல்லிவைத்தோம். அந்த வாரம் வண்டி பாதிகூட வரவில்லை.

அப்புறம் எங்கள் கொள்முதல் மேற்பார்வையாளர் அண்ணா ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். "பாதி மரத்துல பூவே நிக்கலீங்க, அதைப் போயி குரூப்புல எப்படிப் போடறது?" என்றார் ஒருவர். போன வருடத்திலிருந்து அந்தக் குழுவில் வாக்கெடுப்பு இல்லை. பிப்ரவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை அண்ணா விவசாயிகளைப் போனில் கூப்பிடுகிறார். அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.